வண்டொலி மூச்சுப் பயிற்சி: வீட்டிலேயே பழகும் முறை

மூச்சுப் பயிற்சி தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எண்ணிக்கையில் மாட்டிக்கொள்கிறார்கள். நாலு எண்ணி இழுக்கவும் எட்டு எண்ணி விடவும் சொல்லிக்கொடுத்தால், மனம் எண்ணுவதிலேயே நின்றுவிடுகிறது. மூச்சு எப்படிப் போகிறது என்று பார்க்க ஆளில்லை. எண்ணுகிற வேகமும் நாளுக்கு நாள் மாறும். அவசரமான காலையில் எட்டு என்பது ஐந்து நொடியில் முடிந்துபோகும். ஓசை இப்படி ஏமாற்றாது. 'ம்ம்ம்' என்று வண்டு போல முனகியபடி மூச்சை விட்டுப் பாருங்கள்; இதுதான் வண்டொலி. மூச்சு ஒரே சீராக இறங்குகிறதா, தொடக்கத்தில் தள்ளுகிறோமா, கடைசியில் இல்லாத மூச்சைப் பிடித்து நீட்டுகிறோமா என்பதெல்லாம் காதிலேயே தெரிந்துவிடும். எனவே இங்கே சொல்லும் முறை முழுவதும் ஓசையை அளவுகோலாக வைத்தது. காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று செட்டிநாட்டுப் பக்கத்து வீடுகளில் இதற்குத் தேவையான எல்லாமே ஏற்கெனவே இருக்கின்றன. புதிதாக எதுவும் வாங்க வேண்டாம்.

எங்கே உட்காருவது

செட்டிநாட்டு வீட்டில் ஓசை கட்டுக்குக் கட்டு வேறு மாதிரி நடந்துகொள்ளும். முட்டை வெள்ளைக்கரு கலந்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல் (கையால் செய்த சிமெண்டுத் தளஓடு) பாவிய தரையும் ஓசையை உறிஞ்சாது, திருப்பி அனுப்பும். முகப்புக் கூடத்தில் உட்கார்ந்து முனகினால் குரல் சுற்றிவந்து பெரிதாகக் கேட்கும். கேட்கக் கேட்க நாமும் குரலை ஏற்றிவிடுவோம். பத்தே நிமிடத்தில் தொண்டை வறண்டுபோகும். வளவு என்னும் உள்முற்றத்தின் நடுவே வானம் திறந்திருப்பதால் ஓசையில் பாதி மேலே போய்விடும். அதனால் வளவை ஒட்டிய பட்டாலை என்ற உயர்ந்த தளம் பரவாயில்லை. ஆனால் வீட்டு ஆட்கள் நடமாடும் இடம் அது. தொடங்குகிறவருக்கு எல்லாவற்றிலும் நல்லது வளவைச் சுற்றியுள்ள உள்வீடுகளில் ஒன்று. பெட்டியும் துணிமணியும் அடுக்கிய அறையாக இருந்தால் இன்னும் நல்லது. துணி எதிரொலியை அடக்கிவிடும்.

சின்ன அறைக்கு இன்னொரு வசதி உண்டு. எந்த அறையும் சில சுருதிகளுக்கு மட்டும் பதில் கொடுக்கும். பத்தடி அகல அறையில் ஏறத்தாழ 56 ஹெர்ட்ஸ், பிறகு அதன் மடங்குகளான 112, 168, 224 என்று போகும். ஆண்களின் பேச்சுக் குரல் 112-ஐ ஒட்டியும் பெண்களின் குரல் 200-ஐ ஒட்டியும் நிற்பதால், பெரும்பாலோருக்கு ஏதோ ஒரு சுருதி அருகிலேயே அகப்படும். கண்டுபிடிப்பது எளிது. அடிக்குரலில் முனகத் தொடங்கி மெல்ல மெல்ல மேலே ஏற்றிக்கொண்டே போங்கள். ஓரிடத்தில் நீங்கள் கூடுதலாக எதுவும் செய்யாமலே ஓசை தானாகப் பருத்து, தரையிலும் நெஞ்சிலும் அதிர்வு தெரியும். அந்தச் சுருதி தொண்டைக்கும் சுகமாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். குறைந்த மூச்சில் நிறைந்த ஓசை கிடைக்கும்.

ஊரணிக் கரையில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். வெளியில் ஓசை திரும்பி வராததால் உங்கள் குரல் எவ்வளவோ அவ்வளவுதான் கேட்கும். ஒரு மாதம் வீட்டுக்குள் பழகிய பிறகு அங்கே போனால் ஏமாற்றமாக இருக்காது.

ஆத்தங்குடிக் கல் உடம்புச் சூட்டை இழுக்கும். மார்கழி, தை விடியலில் வெறுந்தரையில் உட்கார்ந்தால் கால் மணிக்குள் கால் மரத்துவிடும். கோரைப்பாய் விரித்து, அதன்மேல் ஜமுக்காளத்தை மூன்று நான்கு அங்குல உயரத்துக்கு மடித்துப் போட்டு, அதன் முன்விளிம்பில் உட்காருங்கள். இடுப்பு முழங்காலைவிட உயர்ந்து இருக்க வேண்டும். இடுப்பு தாழ்ந்தால் முதுகு கூன, வயிறு மடங்கி, மூச்சு நெஞ்சோடு நின்றுவிடும். முழங்கால் வலிக்காரர்கள் கை வைக்காத நாற்காலியில் சாயாமல் உட்காரலாம். பாதம் இரண்டும் தரையில் படட்டும்.

நேரமும் வயிறும்

விடியற்காலை நாலரை முதல் ஆறுக்குள் செய்வது நல்லது. சித்திரை, வைகாசியில் ஏழு மணிக்கே வெக்கை தொடங்கிவிடும். அதற்கு முன் முடித்துவிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுவது நலம். காற்று தொண்டையைக் காயவைப்பதோடு, அதன் ரீங்காரத்தோடு குரலைச் சேர்த்துக்கொண்டு போகும் பழக்கமும் வந்துவிடும்.

முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு நாலு மணி நேரமும் பலகாரத்துக்குப் பிறகு இரண்டு மணி நேரமும் இடைவெளி வேண்டும். இந்தப் பக்கத்துப் பலகாரத்தை 'லேசான ஆகாரம்' என்று கணக்கில் எழுத முடியாது. வெள்ளைப் பணியாரமும் வரமிளகாய்ச் சட்னியும் சாப்பிட்டவர் மூன்று மணி நேரம் கழித்துத் தொடங்கட்டும். வயிறு நிறைந்திருந்தால் உதரவிதானம் இறங்க இடமில்லாமல் மூச்சு குட்டையாகும். புளிப்பு எதுக்களித்து மேலே வந்தால் தொண்டை எரியும், குரல் கரகரக்கும். கல்யாண விருந்து நாளில் விட்டுவிடுங்கள், ஒன்றும் குறைந்துபோகாது. தொடங்குமுன் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் குடித்தால் போதும்.

முதலில் மூக்கைப் பாருங்கள்

எந்த நேரத்திலும் இரண்டு நாசியும் ஒரே அளவில் திறந்திருப்பதில்லை. சில மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு பக்கம் தளர்ந்து மறுபக்கம் அடைபடுவது உடம்பின் இயல்பு. எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று பார்க்க ஒரு எவர்சில்வர் தட்டு போதும். தண்ணீரில் நனைத்துத் துடைத்து, மூக்குக்குக் கீழே மட்டமாகப் பிடித்து, சாதாரணமாக மூச்சு விடுங்கள். இரண்டு பக்கமும் பனித்திட்டு படியும். எது பெரிதோ, எது மெதுவாக மறைகிறதோ, அந்தப் பக்கம் திறந்திருக்கிறது. ஒரு பக்கம் திட்டே விழவில்லை என்றால் இன்று நாசிகளை மாற்றி மாற்றி மூச்சு விடும் நாடி சுத்தியை விட்டுவிட்டு வண்டொலிக்குப் போகலாம். பல நாட்கள் தொடர்ந்து ஒரே பக்கம் மட்டும் விழாவிட்டால் மூக்குத் தண்டு வளைவோ சதை வளர்ச்சியோ இருக்கலாம். காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள்.

சளி அடைப்புக்கு உப்புத் தண்ணீர் விட்டு மூக்கைக் கழுவுகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வைக்க வேண்டும். ஊரணித் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் எதையும் அப்படியே மூக்கில் விடக் கூடாது. நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாக மூளைக்கு ஏறினால் பிழைப்பது அரிது. குடித்தால் இந்த அமீபா ஒன்றும் செய்யாது, மூக்கில் ஏறினால்தான் ஆபத்து. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீர் அரை லிட்டருக்கு முக்கால் தேக்கரண்டி தூள் உப்பு, அதாவது நாலரை கிராம் அளவு, சேர்த்தால் கண்ணீரின் உப்பளவுக்குக் கிட்டத்தட்ட வரும். எரிச்சல் வந்தால் பெரும்பாலும் உப்பு குறைவாகவோ கூடுதலாகவோ இருக்கிறது என்று பொருள். கழுவியபின் குனிந்து, இரண்டு நாசியும் திறந்தபடி, மெதுவாக மூச்சை ஊதித் தண்ணீரை வடியவிடுங்கள். ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு வேகமாகச் சிந்தினால் தண்ணீர் காதுக்குள் ஏறும்.

வயிற்று மூச்சு

மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, ஒரு கிலோ அரிசி கட்டிய துணிப்பையைத் தொப்புள் மேல் வையுங்கள். மூச்சு உள்ளே போகும்போது பை எழும்ப வேண்டும். வெளியே வரும்போது தாழ வேண்டும். பை அசையாமல் தோள்தான் எழுகிறது என்றால் அது நெஞ்சு மூச்சு. வேகம் வேண்டாம். சும்மா இருக்கும் பெரியவர் ஒரு நிமிடத்துக்கு 12 முதல் 20 மூச்சு விடுவார். பழைய யோகக் கணக்கு நாளுக்கு 21,600 என்று சொல்வது நிமிடத்துக்குப் பதினைந்து. ஒரு வாரம் தினம் ஐந்து நிமிடம் இப்படிப் படுத்துச் செய்தால், உட்கார்ந்தாலும் வயிறு தானாக அசையப் பழகிவிடும். இதைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். வண்டொலியில் வரும் கோளாறுகளில் பாதி இங்கே சரியாகப் பழகாததால் வருவதுதான்.

நாடி சுத்தி

வலது கையின் சுட்டு விரலையும் நடு விரலையும் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்ளுங்கள். கட்டை விரல் வலது நாசிக்கு, மோதிர விரலும் சுண்டு விரலும் இடது நாசிக்கு. இடதில் இழுத்து வலதில் விட்டு, வலதில் இழுத்து இடதில் விட்டால் ஒரு சுற்று. இழுப்பதற்கு நாலு நொடியும் விடுவதற்கு எட்டு நொடியும் வைத்தால் ஒரு சுற்று 24 நொடி. பத்துச் சுற்றுக்கு நாலு நிமிடம்.

விரலை எங்கே வைப்பது என்பதில்தான் தவறு நடக்கும். மூக்கெலும்பு முடிந்து மெத்தென்ற பகுதி தொடங்கும் இடத்தில் பக்கவாட்டில் சாய்த்துத் தொட்டாலே நாசி மூடிக்கொள்ளும். நாசித் துவாரத்தை அடியிலிருந்து அமுக்கினால் மூக்குத் தண்டு மறுபக்கம் தள்ளப்பட்டு, திறந்திருக்க வேண்டிய நாசியும் குறுகிவிடும். மூச்சு 'ஸ்ஸ்' என்று சத்தம் போட்டால் வேகமாக இழுக்கிறீர்கள். ஒரு பஞ்சு இழையை நாசிக்கு நாலு அங்குலம் கீழே பிடித்துப் பாருங்கள். விடும் மூச்சில் அது லேசாக ஆடலாம், பறக்கக் கூடாது. கை சோர்ந்தால் முழங்கையை விலாவில் ஒட்டிக்கொள்ளாமல் திண்டிலோ பழைய கணக்கு மேசையிலோ ஊன்றிக்கொள்ளுங்கள். கணக்கு எழுதும் அந்தத் தாழ்ந்த சாய்வு மேசை இதற்கென்றே செய்ததுபோல் உயரம் சரியாக இருக்கும்.

மூச்சை உள்ளே நிறுத்தும் கும்பகத்தை இங்கே வேண்டுமென்றே சேர்க்கவில்லை. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் திருமூலர் சொல்லும் கணக்கு, இடது நாசியில் பூரகம் (இழுத்தல்) 16 மாத்திரை என்னும் கால அளவு, கும்பகம் 64, இரேசகம் (விடுதல்) 32. அதாவது ஒன்றுக்கு நாலுக்கு இரண்டு. அதைப் படித்துவிட்டு நேரே அந்த விகிதத்தில் உட்காருகிறவர்களுக்குத் தலை கனப்பதும் முகம் சிவப்பதும் அடுத்த மூச்சை விழுங்கிவிழுங்கி இழுப்பதும்தான் மிஞ்சும். கும்பகம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிற ஆசிரியரிடம் கற்க வேண்டியது. வெளிமூச்சை நீட்டுவதை மட்டும் தனியாகச் செய்யலாம், அதில் ஆபத்து குறைவு. மூச்சை இழுக்கும்போது இதயத் துடிப்பு சற்று விரைவதும் விடும்போது தணிவதும் எல்லோர் உடம்பிலும் நடப்பது. விடும் நேரம் நீள நீள, தணியும் நேரமும் கூடுகிறது.

வண்டொலி

இதைப் பிரமரி என்றும் சொல்வார்கள். உதடு ஒட்டியிருக்க, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒரு அரிசி மணி அளவு விலகியிருக்கட்டும். பல் கடித்தால் தாடை இறுகி ஓசை தொண்டையிலேயே தங்கிவிடும். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் சும்மா தொட்டுக்கொண்டு கிடக்கட்டும். மூக்கு வழியாக நாலு நொடி இழுத்து, அரை நொடி தாமதித்து, 'ம்ம்ம்' என்று முனகத் தொடங்குங்கள். பக்கத்து அறையில் தூங்குகிறவர் எழுந்துவிடாத அளவு குரல் போதும்.

முதல் மூன்று நாள் காதை மூட வேண்டாம். கையை உடம்பில் வைத்து அதிர்வு எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். நெஞ்சு நடு எலும்பில் உள்ளங்கை, பிறகு தொண்டைக் கண்டம், பிறகு மேலுதடு, மூக்குத் தண்டு, உச்சி. அடிச்சுருதியில் நெஞ்சு அதிரும். சுருதி ஏற ஏற மூக்குக்கும் நெற்றிக்கும் போகும். உதட்டில் கூச்சம் போல் குறுகுறுத்தால் சரியாகச் செய்கிறீர்கள். தொண்டையில் உரசுகிற மாதிரி இருந்தால் சுருதியை இரண்டு படி ஏற்றுங்கள்.

நாலாம் நாள் காதை மூடலாம். காதுத் துளைக்கு முன்னால், கன்னத்தை ஒட்டி ஒரு சின்னக் குருத்து மடல் இருக்கிறதல்லவா, அதைக் கட்டை விரலால் துளையின் மேல் சாய்த்து மூடுங்கள். விரலைத் துளைக்குள் விடாதீர்கள். உள்ளே விட்டால் அழுக்கு ஆழமாகப் போகும், நகமும் கீறும். காதை மூடியதும் முனகல் தலைக்குள் திடீரென்று பல மடங்கு பெரிதாகும். அந்த நேரத்தில் எல்லோரும் செய்கிற காரியம் குரலை உயர்த்துவது. மாறாகக் குறைக்க வேண்டும். காது மூடியபின் பாதிக் குரல் போதும். மூச்சும் அப்போது இன்னும் நீளும்.

மற்ற விரல்களை வைக்கும் முறை ஒன்று உண்டு. சுட்டு விரல் மூடிய இமை மேல், நடு விரல் மூக்கின் பக்கம், மோதிர விரல் மேலுதட்டுக்கு மேலே, சுண்டு விரல் கீழுதட்டுக்குக் கீழே. சண்முகி முத்திரை என்று பெயர். இமை மேல் விரல் இருப்பதே தெரியக் கூடாது. கண் உருண்டையை அமுக்கினால் இதயத் துடிப்பு சட்டென்று குறையலாம், மயக்கமும் வரலாம். கண் நீர் அழுத்தம் (கிளாக்கோமா) உள்ளவர்களும் கண் அறுவை செய்துகொண்டவர்களும் இந்த முத்திரைப் பக்கமே போக வேண்டாம். காதை மூடினால் போதும்.

எவ்வளவு நேரம்? முதல் வாரம் ஒரு முனகல் எட்டு நொடி வந்தால் சரி. நாலு நொடி இழுத்து எட்டு நொடி விட்டால் நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. ஐந்து முறை செய்து நிறுத்துங்கள். மாதக் கடைசியில் பத்துப் பன்னிரண்டு நொடி வரும், சிலருக்கு இருபது வரைகூடப் போகும். நீளத்தைத் துரத்தாதீர்கள். முனகலின் கடைசியில் ஓசை நடுங்கினால் இரண்டு நொடி முன்னாலேயே நிறுத்தியிருக்க வேண்டும் என்று அர்த்தம். அடுத்த மூச்சைப் பறித்து இழுத்தாலும் அதே அர்த்தம்தான். அடுத்த மூச்சு அவசரமில்லாமல் வந்தால் மட்டுமே இந்த நீளம் உங்களுடையது.

காதுக்குப் பிடிபடாததைப் போன் காட்டிக்கொடுக்கும். வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, ஒரு முழம் தள்ளி வைத்து, ஐந்து முனகலைப் பதிவு செய்து, திரையில் ஓசைப் பட்டையின் வடிவத்தைப் பாருங்கள். ஒரே அகலத்தில் பட்டை ஓடி, கடைசியில் மட்டும் மெல்ல ஒடுங்கினால் நன்று. தொடக்கத்தில் வீங்கியிருந்தால் மூச்சைத் தள்ளித் தொடங்குகிறீர்கள்; இழுத்து முடித்ததும் தோளைத் தளர்த்திவிட்டு முனகுங்கள். நடுவில் பல் பல்லாக வெட்டியிருந்தால் வயிறு இறுக்கமாக இருக்கிறது. மறுபடி அரிசிப் பைக்குப் போங்கள். வால் நீண்டு, சன்னமாகி, விட்டுவிட்டுத் துடித்தால் இல்லாத மூச்சை நீட்டியிருக்கிறீர்கள். வாரத்துக்கு ஒரு பதிவு போதும். தினமும் எடுத்தால் அதுவே ஒரு போட்டியாகிவிடும்.

மூக்கடைப்பைச் சோதிக்கவும் முனகல் உதவும். முனகிக்கொண்டே ஒரு நாசியை மூடுங்கள். ஓசை சற்று மாறித் தொடர வேண்டும். அப்படியே நின்றுபோனால் மறு நாசி அடைத்திருக்கிறது.

முனகும்போது மூக்கில் என்ன நடக்கிறது என்பது அளந்து பார்க்கப்பட்டதுதான். மூக்கைச் சுற்றியுள்ள எலும்பறைகளில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு ஊறுகிறது. அறைகளின் வாய் மிகச் சிறியது என்பதால் சாதாரண மூச்சில் அது அதிகம் வெளியே வருவதில்லை. முனகலின் அதிர்வு காற்றை உள்ளும் வெளியும் ஆட்டி அதை வெளியே கொண்டுவருகிறது. 2002-இல் சுவீடன் ஆய்வாளர்கள் அளந்தபோது, அமைதியாக மூச்சு விடுவதைவிட முனகும்போது மூக்கில் அந்த வாயு ஏறத்தாழ 15 மடங்கு கூடியிருந்தது. அறைக்குள் காற்று நன்றாகப் போய்வருகிறது என்பதற்கு இது சான்று. சைனஸ் தொந்தரவை முனகியே தீர்த்துவிடலாம் என்று இதை வைத்துச் சொல்லிக்கொண்டு திரிபவர்களை நம்ப வேண்டாம்.

ஓங்காரம்

வண்டொலி பழகியவருக்கு ஓங்காரம் கடினமில்லை. வாயைத் திறந்து 'ஓ' என்று தொடங்கி, மூச்சில் மூன்றில் ஒரு பங்கு போனதும் உதட்டை மூடி, மிச்ச இரண்டு பங்கையும் 'ம்' மீது செலவழியுங்கள். வாய் திறந்திருக்கும்போது காற்று வேகமாகச் செலவாகும். அதனால்தான் 'ஓ'வை நீட்டுகிறவர்களுக்கு 'ம்' போடக் காற்று மிஞ்சுவதில்லை. உதடு மூடும் இடத்தில் சுருதி இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஐந்து முறை போதும். ஓம் சொல்ல விருப்பமில்லாதவர்கள் 'ஆ…ம்' என்றோ தங்கள் வழிபாட்டுச் சொல்லையோ வைத்துக்கொள்ளலாம். 2001-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் லத்தீன் ஜெபமாலையையும் ஒரு யோக மந்திரத்தையும் சொல்லச் சொல்லி அளந்தார்கள். இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு அளவுக்கு இறக்கி, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் சமன் செய்யும் அனிச்சைச் செயலைக் கூட்டின. வேகத்தை இறக்கியது சொல்லின் நீளம்.

கேட்டல்

எழுப்பிய ஓசையை விட்டபின் கேட்பதுதான் தியானம். முனகி முடித்தவுடன் எழுந்துபோகிறவர்கள் சமைத்துவிட்டுச் சாப்பிடாமல் போகிறார்கள். எத்தனை நிமிடம் முனகினீர்களோ அத்தனை நிமிடம் சும்மா இருங்கள்.

சும்மா இருக்க வராதவர்களுக்கு ஒரு வெண்கலக் கும்பா உதவும். வெண்கலம் என்பது நாலு பங்கு செம்புக்கு ஒரு பங்கு அளவில் வெள்ளீயம் சேர்ந்தது. மணி வார்க்கிற உலோகமும் இதுதான் என்பதால் தட்டினால் நெடுநேரம் நிற்கும். பித்தளைப் பாத்திரம் எவ்வளவு கனமாக இருந்தாலும் அவ்வளவு நேரம் நிற்காது. வீட்டில் பல பாத்திரம் இருந்தால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பாருங்கள். பத்து நொடிக்குக் குறையாமல் ஓசை நிற்பது எதுவோ அது போதும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தால் ஓசை 'டொக்' என்று செத்துவிடும், அல்லது கூடவே ஒரு சலசலப்பு வரும். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் வாங்குவதானாலும் தட்டிக் கேட்டே வாங்குங்கள். பளபளப்புக்கும் ஓசைக்கும் சம்பந்தமில்லை.

கும்பாவை வெறுந்தரையில் வைத்தால் ஓசை தரையோடு போய்விடும். துணியைச் சுருட்டிச் சின்னச் சும்மாடாகக் கட்டி, அடி மட்டும் படும்படி அதன்மேல் வையுங்கள். கரண்டியால் அடித்தால் 'கிணீர்' என்று கூர்மையாக எழுந்து காதை உறுத்தும். மரக்குச்சியின் நுனியில் இரண்டு சுற்றுத் துணி சுற்றிக் கட்டி, விளிம்புக்கு ஒரு விரல் கீழே தட்டுங்கள். ஒரு தட்டு, அவ்வளவுதான். ஓசை மெலிந்து மெலிந்து போவதைப் பின்தொடர்ந்து போங்கள். எந்த இடத்தில் முடிந்தது என்று சரியாகச் சொல்ல முடியாது. முடிந்துவிட்டது என்று நினைத்த பிறகும் மூன்று மூச்சு காத்திருந்து, அதன்பின் அடுத்த தட்டு. ஏழு தட்டு போதும்.

காதை மூடிக்கொண்டு உள்ளே எழும் ஓசையைக் கேட்பது அடுத்த படி. மணி, கடல், யானை, குழல், மேகம், வண்டு, தும்பி, சங்கு, பேரிகை, யாழ் என்று பத்து ஓசைகளைத் திருமூலர் அடுக்குகிறார். காதை மூடிய முதல் நாளே கடல் கேட்டுவிட்டது என்று மகிழ்ச்சியோடு வருகிறவர்கள் உண்டு. ஒரு சோதனை செய்யுங்கள். கட்டை விரலால் காதை மூடிக்கொண்டு கையை இன்னும் இறுக்குங்கள். இரைச்சல் கூடினால் அது உங்கள் கைத்தசை இழுத்துப் பிடிக்கிற ஓசை. விரலை எடுத்துவிட்டுப் பஞ்சால் மூடினால் அந்த இரைச்சலில் பெரும்பகுதி போய்விடும். அதனால் அது பயனற்றது என்று ஆகாது. எந்த ஓசையானாலும் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பதே பயிற்சி. ஆனால் பகலிலும் இரவிலும், பயிற்சி செய்யாதபோதும் காதில் 'கீ' என்று கேட்டுக்கொண்டே இருந்தால் அதை நாதம் என்று கொண்டாடாமல் காது மருத்துவரிடம் போங்கள்.

மார்கழியில் நாலரை மணிக்கே கோவில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். அதோடு சண்டை போட்டு முனகிப் பயனில்லை. அந்த மாதம் மட்டும் ஓங்காரத்தை விட்டுவிட்டு, வருகிற பாட்டையே கேட்கும் பொருளாக வைத்து, காது மூடிய வண்டொலியை மட்டும் செய்யலாம்.

யார் செய்யக் கூடாது, எப்போது நிறுத்த வேண்டும்

காதில் சீழ் அல்லது வலி இருந்தால் காதை மூடக் கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்கள், அண்மையில் வயிறு, கண், காது அறுவை நடந்தவர்கள், குடலிறக்கம் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், இதய நோய்க்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் எல்லோரும் மருத்துவரைக் கேட்டுவிட்டே தொடங்கட்டும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேக மூச்சுகள் இரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். அழுத்தம் இறங்கிவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் ஆஸ்துமாக்காரர் இன்ஹேலரைத் தூக்கிப் போடுவதும் கூடாது.

விரல் நுனியில் ஊசி குத்துவது போலவும் உதட்டைச் சுற்றி மரத்தது போலவும் இருந்து, தலை லேசாகச் சுற்றினால் 'சக்தி ஏறுகிறது' என்று நினைக்காதீர்கள். தேவைக்கு மேல் மூச்சு விட்டதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்துவிட்டது, அவ்வளவுதான். நிறுத்திவிட்டு வழக்கம்போல மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகும். கண்ணை மூடி உட்காரும்போது நெஞ்சு படபடத்துப் பயம் வருகிறவர்கள் கண்ணைத் திறந்தே செய்யலாம். எதிரே தூணையோ சுவரையோ பார்த்துக்கொண்டு முனகினாலும் ஓசை ஓசைதான்.

வீட்டில் சேர்ந்து செய்வதானால்

ஐயா, அப்பத்தா போன்ற வயதானவர்களுக்குத் தோள் வலி இருக்கும். கையைத் தூக்காமல் மடியில் வைத்தபடியே முனகச் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி போட்டிருப்பவர் காதை மூடிச் செய்வதானால் அதைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கை மூடியதும் அது வீல் என்று கத்தும். பிள்ளைகளுக்கு நீளம், எண்ணிக்கை எதுவும் சொல்ல வேண்டாம். வண்டு மாதிரி ஐந்து முறை முனகினால் போதும். யார் நீளமாக முனகுகிறார்கள் என்று போட்டி வைத்தீர்களானால் இரண்டாம் நாளே இருமிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

நாலைந்து பேர் சேர்ந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தொடங்கி ஒரே நேரத்தில் முடிக்க முயலாதீர்கள். மூச்சு குட்டையானவர் நீளமானவரைப் பிடிக்கப் பார்த்துத் திணறுவார். ஒருவர் தொடங்க, அவர் பாதியில் இருக்கும்போது அடுத்தவர் சேர, அவரவர் மூச்சு முடிந்ததும் அவரவர் இழுத்துக்கொண்டு மறுபடி சேர்ந்தால் ஓசை அறுபடாமல் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு பேரின் சுருதி மிக நெருங்கி, சரியாகச் சேராமல் இருந்தால் நடுவில் 'வூம்… வூம்' என்று அலை அலையாகக் கேட்கும். ஒருவர் துளி ஏற்றினாலோ இறக்கினாலோ அலை மெதுவாகி நின்றுவிடும். யார் மாற்றுவது என்று கையால் ஜாடை காட்டிக்கொள்ளுங்கள். இருவரும் ஒரே நேரத்தில் மாற்றினால் மறுபடி விலகிப்போவார்கள்.